கோபத்துக்கு மூன்று அதிகாரம், ஒரு நோட்டு

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கீழே ஆறு பேர். ஐந்து வருடத்தில் 38 சுயமுன்னேற்றப் புத்தகங்கள் படித்துவிட்டேன். போனில் புத்தகச் சுருக்கம் கேட்டது தனிக்கணக்கு. ஒன்றை முடித்ததும் மூன்று நாள் புது மனிதனாக இருப்பேன், நான்காம் நாள் பழையபடி ஆகிவிடும். முக்கியமாக, கோபம் குறையவில்லை. ஆபீசில் பையன்களிடம் கத்துகிறேன், வீட்டிலும் அப்படித்தான். "இத்தனை புத்தகம் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று மனைவி கேட்கிறார். தத்துவம் படி என்று நண்பர் சொன்னார். மார்க்கஸ் அரேலியஸ் வாங்கினேன், இருபது பக்கம் தாண்டவில்லை. திருக்குறளைத் தினம் ஓர் அதிகாரம் என்று 133 நாளில் முடித்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எதை, எந்த வரிசையில், எப்படிப் படிக்க வேண்டும்? இல்லை, படிப்பதையே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

படிப்பதை விட வேண்டாம். ஆனால் அடுத்த மூன்று மாதத்துக்கு, நான் சொல்பவற்றைத் தவிரப் புதிய புத்தகம் எதுவும் வாங்காதீர்கள், சுருக்கம் கேட்பதையும் நிறுத்துங்கள். இந்த மூன்று மாதத்துக்கு வேண்டியவை இவ்வளவுதான்: நீங்கள் ஏற்கெனவே வாங்கிய திருக்குறளில் 30 குறள்கள், பழைய ரோமின் தத்துவ அறிஞர் செனெகா கோபத்தைப் பற்றி எழுதிய நூல், இன்னொரு பழைய தத்துவ அறிஞர் எபிக்டெட்டஸின் சிறு கையேடு, 200 பக்க நோட்டு ஒன்று.

உங்கள் கடிதத்தில் புத்தகங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். கோபத்தைப் பற்றி இரண்டே வரிதான். யாரிடம், எந்த நேரத்தில், எதற்கு என்று ஒன்றுமில்லை. இதுவரை படித்தவை ஒட்டாமல் போனதற்கு இது பெரிய காரணம். "நன்றாக வாழ்வது எப்படி" என்று கேட்டுக்கொண்டு படித்தால் எந்தப் புத்தகமும் ஏதோ ஒரு பதில் சொல்லும், எல்லாம் சரியென்றே தோன்றும். "சாம்பிள் தப்பாக வந்தால் நான் ஏன் ஆர்டர் தரும் பையரிடம் பணிந்துவிட்டு ஜூனியரிடம் கத்துகிறேன்" என்று கேட்டுக்கொண்டு படித்தால் பெரும்பாலான புத்தகங்கள் வாயடைத்துப் போகும். பேசுகிற சிலவற்றைத்தான் நாம் வைத்துக்கொள்ளப் போகிறோம்.

முதலில் மார்க்கஸ் அரேலியஸ். இருபது பக்கத்தில் நின்றது உங்கள் குறை இல்லை. அந்தப் புத்தகம் வாசகருக்காக எழுதப்படவே இல்லை. கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்டவர், டான்யூப் எல்லைப் போர்முனையில் இருந்த காலத்திலும் தனக்குத் தானே கிரேக்கத்தில் எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. பன்னிரண்டு பகுதிகளில் முதலாவது முழுக்க நன்றிப் பட்டியல். தாத்தாவிடம் இதைக் கற்றேன், தாயிடம் இதை, இன்ன ஆசிரியரிடம் இதை என்று 17 பத்திகள். அந்தப் பெயர்கள் நமக்கு யாரென்றே தெரியாததால் அங்கேயே பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். இரண்டாம் பகுதியில் தொடங்க வேண்டும். இன்று மூக்கை நுழைப்பவன், நன்றி கெட்டவன், திமிர் பிடித்தவன் எல்லோரையும் சந்திக்கப் போகிறாய் என்று விடியற்காலையில் தன்னைத் தயார்செய்துகொள்ளும் பத்தி அங்கேதான் வருகிறது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரே என்று சலிப்பு வரும். அவர் பயிற்சி செய்கிறார், அதனால் திரும்ப வருகிறது. வரிசையாகப் படிக்காமல் நாளுக்கு ஒரு பத்தி படித்தால் அந்தச் சலிப்பு இருக்காது. ராஜாஜி இதை 'ஆத்ம சிந்தனை' என்று தமிழில் தந்திருக்கிறார். ஆங்கிலத்தில் படிப்பதானால் ஜார்ஜ் லாங்கின் 1862 மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கும், ஆனால் நடை பழையது. கிரெகரி ஹேஸின் 2002 மொழிபெயர்ப்பு இன்றைய பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். எந்தப் பழைய நூலையும் வாங்குமுன் ஒரே பத்தியை இரண்டு மொழிபெயர்ப்பில் படித்துப் பாருங்கள். எது இரண்டாம் முறை படிக்காமலே விளங்குகிறதோ அதை எடுங்கள். மார்க்கஸ் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.

குறளைப் படித்ததிலும் அளவுதான் தவறு. நாளுக்குப் பத்துக் குறள் என்றால் பத்துத் தனித்தனி யோசனைகள். எதையும் ஒரு நாள்கூடச் சோதித்துப் பார்க்காமல் அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். உங்களுக்கு 133 அதிகாரம் வேண்டாம், மூன்று போதும். அந்த மூன்றும் நூலின் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன, காரணத்தோடுதான்.

16ஆம் அதிகாரம் பொறையுடைமை, இல்லறவியலில் இருக்கிறது. குடும்பத்தில் இருப்பவனுக்குச் சொன்னது. 31ஆம் அதிகாரம் வெகுளாமை, துறவறவியலில் இருக்கிறது. கோபத்தை அறவே விடச் சொல்வது. 57ஆம் அதிகாரம் வெருவந்த செய்யாமை, பொருட்பாலில் அரசியலில் வருகிறது. கையில் அதிகாரம் உள்ளவனுக்குச் சொன்னது. நீங்கள் வீட்டில் கணவர், ஆபீசில் ஆறு பேருக்கு மேலாளர். ஆகவே 16ஐயும் 57ஐயும் விட்டுவிட்டு வெகுளாமையை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். கோபம் என்றதும் எல்லோரும் 31க்குத்தான் ஓடுகிறார்கள். மேலாளர்கள் 57ஐப் படிப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

வெகுளாமையின் முதல் குறளையே (301) பாருங்கள்:

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்.

கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே அடக்குபவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறது. பையரிடமும் முதலாளியிடமும் நீங்கள் காட்டும் பொறுமையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை இந்தக் குறள். அங்கே கோபம் செல்லாது, அதனால் அடங்குகிறது. ஜூனியரிடமும் வீட்டிலும் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. நாளுக்குப் பத்துக் குறள் என்று ஓடும்போது இந்த இடம் கண்ணிலேயே படாது.

அடுத்து 57க்கு வாருங்கள். அதன் முதல் குறள் (561):

தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால்
ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.

இதில் மூன்று வேலை இருக்கிறது. என்ன நடந்தது என்று தகுந்தபடி விசாரிக்க வேண்டும். அந்தத் தவறு மீண்டும் நடக்காதபடி பார்க்க வேண்டும். தண்டனை தவற்றின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். ஒருவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் முன் இந்த மூன்றையும் கேள்வியாக்கிக் கேட்டுக்கொள்ளலாம்: விசாரித்தேனா? நான் சொல்லப்போவது மறுபடி நடப்பதைத் தடுக்குமா? அளவு சரியா? கத்தும்போது மூன்றுமே தவறுகிறது. விசாரணைக்கு முன்னால் தீர்ப்பு வந்துவிடுகிறது. பயந்த பையன் அடுத்த முறை தவற்றை மறைக்கிறான், அதனால் தவறு மறுபடி நடக்கிறது. லேபிள் பிழைக்கும் ஷிப்மெண்ட் தவறியதற்கும் ஒரே சத்தம் என்றால் அளவும் இல்லை.

அடுத்த குறள் (562) "கடிதோச்சி மெல்ல எறிக" என்கிறது. ஓங்குவது கடுமையாகத் தெரியட்டும், அடி மெதுவாக விழட்டும். இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். கோபமே கூடாது என்றது 31. இது கடுமையாக ஓங்கச் சொல்கிறதே? இந்த முரணை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள், நோட்டில் எழுதி வையுங்கள். உள்ளே கோபம் இல்லாமலே வெளியே கண்டிப்பாக இருக்க முடியுமா என்பதுதான் உங்கள் மூன்று மாதக் கேள்வி. செனெகாவும் அரிஸ்டாட்டிலும் மோதிக்கொள்வது இதே இடத்தில்தான்.

பொருளுக்கு மு.வ.வின் தெளிவுரை போதும். ஆனால் உரையை முதலில் பார்க்காதீர்கள். குறளை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, உங்களுக்குப் பட்டதை எழுதிய பிறகு உரையைத் திறங்கள். இரண்டும் வேறாக இருக்கும் இடத்தில்தான் ஏதாவது கற்பீர்கள். பரிமேலழகர் உரையை வாரம் ஒரு குறளுக்கு மட்டும், நேரம் இருந்தால் பாருங்கள்.

இனி நாளின் வேலை. காலையில் 15 நிமிடம், இரவில் 5 நிமிடம். போனை வேறு அறையில் வையுங்கள். காலையில் அன்றைய பகுதியை இரண்டு முறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். நோட்டின் இடப்பக்கத்தில் நினைவிலிருந்து, உங்கள் பேச்சு நடையிலேயே நான்கைந்து வரி எழுதுங்கள். மூடிவிட்டு எழுதுவதுதான் இதில் உயிர்நாடி. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் சொன்னார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போட்ட வரிகளை நீங்கள் மறுபடி மறுபடி பார்த்தபோது கிடைத்தது அந்த ஐந்து நிமிடத் திருப்திதான்.

எழுதி முடித்ததும் அதன் கீழே "இன்று" என்று போட்டு, அன்றைக்கு அது எங்கே உரசப்போகிறது என்று ஒரே ஒரு இடத்தைக் குறியுங்கள். "கோபத்தைக் குறைக்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் இருக்க வேண்டும். எண்ணத்தைச் செயலோடு இணைக்க இந்த வடிவம் எவ்வளவு உதவுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்தே ஆய்வுகளில் காட்டி வந்திருக்கிறார். 301ஆம் குறளுக்கு உங்கள் பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"கோபம் எங்க செல்லுமோ அங்க அடக்குறதுதான் அடக்கம். செல்லாத இடத்துல அடங்கிப் போறதுக்கு மார்க் கிடையாது. பையர் மெயில்ல திட்டினப்போ பணிவா பதில் போட்டேன். அது பொறுமை இல்லை, பயம். பத்து நிமிஷம் கழிச்சு கேர் லேபிளை மாத்தி வச்ச பையனை எல்லார் முன்னாடியும் கத்தினேன். இன்று: 11 மணிக்கு சாம்பிள் பார்க்கும்போது தப்பு தெரிஞ்சா, சாம்பிளை மேஜையில வச்சுட்டு, 'இது எப்படி ஆச்சு?'ன்னு கேட்டு பதில் முழுசா வந்த பிறகுதான் அடுத்த வார்த்தை."

இப்படி இருந்தால் சரி. அழகான நடையில், யாரோ படிக்கப்போவது போல எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பொன்மொழி நோட்டாக மாறுவதுதான் இந்தப் பழக்கம் கெட்டுப்போகும் முதல் வழி. வரி அழகாக இருக்கிறதே என்று நகல் எடுக்கத் தொடங்குவீர்கள், "இன்று" என்ற பகுதி மெல்ல மறையும். "இன்று" இல்லாத பக்கம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வந்தால், படிப்பதை நிறுத்திவிட்டுப் பழைய பக்கங்களிலிருந்து ஒன்றை எடுத்து அன்றைக்குச் செய்யுங்கள்.

இரவுக்கு வலப்பக்கம். இங்கே செனெகாவே வழி சொல்கிறார். விளக்கை எடுத்துச் சென்று, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் தான் சோதித்துப் பார்ப்பதாகக் கோபத்தைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதி, 36ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். அவர் செக்ஸ்டியஸ் என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்ட கேள்விகள் மூன்று: இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைச் சரிசெய்தாய், எந்தக் குறையை எதிர்த்து நின்றாய், எதில் முன்னைவிட நல்லவனாக இருக்கிறாய். பதில் ஒவ்வொன்றும் ஒரு வரி. இதில் பலர் தவறுவது எப்படியென்றால், இரவு நோட்டு தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் இடமாகிவிடுகிறது. செனெகா அப்படிச் செய்யவில்லை. "இனி இப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள், இப்போதைக்கு உன்னை மன்னிக்கிறேன்" என்று தனக்குச் சொல்லி முடிக்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஒருவரை நீ அளவுக்கு மீறிக் கண்டித்தாய், அதனால் அவர் திருந்தவில்லை, புண்பட்டார். அடுத்த முறை நீ சொல்வது உண்மையா என்று மட்டும் பார்க்காதே, கேட்பவர் அந்த உண்மையைத் தாங்கக்கூடியவரா என்றும் பார்.

வாரத்தில் ஆறு நாள் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை புத்தகம் வேண்டாம், அந்த வாரத்து நோட்டை மட்டும் படியுங்கள். அப்போதுதான் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஷிப்மெண்ட் நெருங்கும் நாட்களா, மதியம் சாப்பிடாத நாட்களா, வீட்டுக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரமா என்று பாருங்கள். கோபத்துக்குக் காரணம் பசியும் தூக்கக் குறைவும் என்று தெரியவந்தால் அதற்குத் தத்துவம் வேண்டாம், இரண்டு மணிக்குள் சாப்பிடுங்கள்.

முப்பது குறளுக்கு நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து வாரம் ஆகும். அதன் பிறகு செனெகா.

'கோபம் பற்றி' என்ற அந்த நூலை அவர் தன் அண்ணன் நோவாட்டஸுக்கு எழுதுவதாக அமைத்திருக்கிறார். மூன்று பகுதி, மொத்தம் நூறு சிறு அத்தியாயங்கள். நாளுக்கு மூன்று நான்கு என்று வைத்தால் ஐந்து வாரத்தில் முடியும். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், இரண்டாம் பகுதியின் முதல் நான்கு அத்தியாயங்களை முதலில் படியுங்கள். கோபம் எப்படிக் கிளம்புகிறது என்பதை அங்கே படிப்படியாகப் பிரிக்கிறார். முதலில் வருவது நம் வசத்தில் இல்லாத அதிர்வு. முகம் சிவப்பது, உடம்பு விறைப்பது. அது கோபம் இல்லை என்கிறார். இரண்டாவது ஒரு தீர்ப்பு: "எனக்கு அநியாயம் நடந்தது, இவனுக்குத் தண்டனை வேண்டும்" என்று மனம் ஒப்புக்கொள்வது. மூன்றாவது, காரணமெல்லாம் அடிபட்டுப்போய் நம் கையை மீறுவது. நாம் தலையிடக்கூடியது இரண்டாவதில் மட்டும்தான். முகம் சிவந்ததற்காக வெட்கப்பட வேண்டாம். சிவந்த முகத்தோடு என்ன தீர்ப்புச் சொல்கிறோம் என்று கவனிக்க வேண்டும். கோபத்துக்குத் தாமதமே பெரிய மருந்து என்று அவர் சொல்வதும் இதனால்தான். தள்ளிப்போட்டால் அதிர்வு அடங்கும், தீர்ப்பை மறுபடி விசாரிக்க நேரம் கிடைக்கும்.

இந்த நூலின் பத்து நிமிடச் சுருக்கத்தை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கக்கூடும். "கோபம் ஒரு தற்காலிகப் பைத்தியம், பொறுங்கள்" என்று முடிந்திருக்கும். சுருக்கத்தில் விட்டுப்போவது எதிர்வாதம். முதல் பகுதியின் 12ஆம் அத்தியாயத்தில் ஒரு குரல் குறுக்கிடுகிறது. தன் தந்தையைக் கண்ணெதிரே கொன்றால்கூட நல்லவன் கோபப்பட மாட்டானா என்று கேட்கிறது. கோபப்பட மாட்டான், ஆனால் தந்தையைக் காப்பான், நீதி கேட்பான் என்று செனெகா பதில் சொல்கிறார். இப்படி அத்தியாயத்துக்கு அத்தியாயம் நம் மனதில் எழும் ஆட்சேபத்தை எடுத்துப் பதில் சொல்கிறார். நீங்கள் கத்தப்போகும் நொடியில் உள்ளே "ஆனா அவன் செஞ்சது தப்புதானே?" என்ற குரல்தான் கேட்கும். சுருக்கம் கேட்டவரிடம் அதற்குப் பதில் இருக்காது. முழு நூலைப் படித்தவர் அந்தக் குரலோடு ஐந்து வாரம் வாதாடியிருப்பார். ஆகவே செனெகாவைப் படிக்கும்போது இடப்பக்கத்தில் அவர் சொன்னதை மட்டும் எழுதாமல், அதற்கு உங்கள் ஆட்சேபம் என்ன என்று ஒரு வரி சேருங்கள். ஆட்சேபமே இல்லாமல் எல்லாம் சரியென்று தோன்றும் நாளில் நீங்கள் தூக்கக் கலக்கத்தில் படிக்கிறீர்கள்.

செனெகாவைப் படிக்கும் நான்காவது வாரத்தில் ஒரு நாள் அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியலில் நான்காம் பகுதி, ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். சில பக்கம்தான். சரியான காரணத்துக்கு, சரியான ஆளிடம், சரியான விதத்தில், சரியான நேரத்தில், சரியான அளவு காலம் கோபப்படுபவன் பாராட்டுக்குரியவன் என்கிறார் அவர். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாதவனைக் குறையும் சொல்கிறார். செனெகா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். வேலையிடத்தில் எனக்குச் செனெகா பக்கம்தான் சாய்வு. காரணம், ஐந்து "சரியான" நிபந்தனையையும் கோபம் வந்த பிறகு யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை. உங்கள் வலப்பக்கங்கள் ஒன்பது வாரத்துக்கு இருக்கும். கத்திய நாட்களில் எத்தனை நாள் அரிஸ்டாட்டிலின் ஐந்தும் பொருந்தியது என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசி மூன்று வாரம் எபிக்டெட்டஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, கிரேக்கத்தில் நிக்கோபோலிஸ் நகரில் பள்ளி நடத்தியவர். அவர் ஒன்றும் எழுதவில்லை. மாணவர் அரியன் எடுத்த குறிப்புகள்தான் நமக்குக் கிடைத்தவை. கையேட்டில் 53 சிறு பத்திகள். நாளுக்கு மூன்று படித்தால் மூன்று வாரம். முதல் பத்தியும், மனிதரைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவை பற்றிய தீர்ப்புகளே என்னும் ஐந்தாம் பத்தியும் இன்றைய உளவியல் சிகிச்சை முறைகள் சிலவற்றுக்கு வேராக இருந்தவை. உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களில் தன் முறையை உருவாக்கியபோது இந்தக் கருத்தை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டார். எபிக்டெட்டஸின் உரைகளில் இரண்டாம் பகுதி, 18ஆம் அத்தியாயத்தையும் சேர்த்துப் படியுங்கள். கோபக்காரனுக்கு அங்கே ஒரு கணக்கு தருகிறார்: கோபப்படாத நாட்களை எண்ணு. முன்பு தினமும் வந்தது, பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை, பிறகு மூன்று, நான்கு. முப்பது நாள் வராமல் இருந்தால் கடவுளுக்குப் படையல் போடு என்கிறார். இந்தக் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் நாளிலிருந்தே நீங்கள் வைக்கலாம். முதல் வாரத்தில் ஏழு நாளும் கோபம் வந்த நாளாகவே விழுந்தால் பதற வேண்டாம். கவனிக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை கூடுவதுபோல்தான் தெரியும்.

எபிக்டெட்டஸைப் படிப்பவர்கள் ஓர் இடத்தில் மோசமாகத் தவறுகிறார்கள். நம் கையில் இருப்பது, இல்லாதது என்ற பிரிவை வைத்து, கையில் இல்லாத எதற்கும் எதுவும் செய்ய வேண்டாம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சம்பள பாக்கி, மேலதிகாரியின் வசவு, வீட்டில் நடக்கும் அநியாயம் எல்லாம் "என் தீர்ப்புதான் பிரச்சினை" என்று ஆகிவிடுகிறது. அவர் சொல்வது அதுவல்ல. விளைவு உன் கையில் இல்லை, முயற்சி உன் கையில் இருக்கிறது என்கிறார். புகார் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். இன்னொரு தவறு, படித்ததை மனைவிக்கும் ஜூனியருக்கும் போதிப்பது. கையேட்டின் 46ஆம் பத்தி இதைத்தான் தடுக்கிறது. ஆடு தான் தின்ற புல்லை மேய்ப்பனிடம் கொண்டுவந்து காட்டாது, செரித்துக் கம்பளியும் பாலும் தரும் என்கிறார். மூன்று மாதத்துக்கு வீட்டில் புத்தகத்தின் பெயரையே எடுக்காதீர்கள். பிரயோஜனம் உண்டா என்று உங்கள் மனைவியே சொல்லட்டும்.

அலமாரியில் இருக்கும் 38ஐ என்ன செய்வது? ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் கொடுங்கள். இந்தப் புத்தகம் என்ன செய்யச் சொல்கிறது, எந்த நிலையில் அது பலிக்காது என்று ஒப்புக்கொள்கிறது, ஆதாரம் எங்கிருந்து என்று பாருங்கள். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதிவைத்த மூன்று சதவீத மாணவர்கள் பின்னாளில் மற்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள் என்று வருகிறதா? அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வருகிறதா? அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்று 1960இல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், செயல் தானாக வரும் நிலைக்கு நடுமட்டமாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. உங்கள் நான்காம் நாள் சரிவு இதைப் பார்த்தால் சாதாரணம். "நான் அமைதியானவன், நான் அன்பானவன்" என்று கண்ணாடி முன் சொல்லச் சொல்கிறதா? தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு இப்படிச் சொல்வது மனநிலையை இன்னும் கீழே இறக்கியது என்று ஜோன் உட்டும் குழுவும் 2009இல் காட்டியிருக்கிறார்கள்.

அந்த 38இல் வ.உ.சி. தமிழாக்கிய ஜேம்ஸ் ஆலன் நூல் இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். 'மனம் போல வாழ்வு' மூலத்தில் 1903இல் வந்த சிறு நூல், ஏழே அத்தியாயம். தமிழ் நடைக்காகவே படிக்கலாம். ஆனால் அதை எபிக்டெட்டஸுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருவனுடைய சூழ்நிலை அவன் எண்ணத்திலிருந்தே விளைகிறது என்கிறார் ஆலன். உடம்பு, சொத்து, பெயர், பதவி எதுவும் உன் வசத்தில் இல்லை என்கிறார் எபிக்டெட்டஸ். இரண்டும் ஒரே நேரத்தில் முழு உண்மையாக இருக்க முடியாது. ஒருவன் நோயில் படுத்தால் அவன் எண்ணம்தான் காரணம் என்று ஆலன் வழியில் போய்ச் சேருவது எளிது, அது கொடுமையானதும்கூட. 38 நூல்களை அடுத்தடுத்துப் படித்தபோது இப்படி முரண்படும் எத்தனையோ யோசனைகளை ஒன்றாக விழுங்கியிருப்பீர்கள். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை இன்னொன்று என்று ஆடியதற்கு அதுவும் காரணம்.

ஒரு விஷயத்தை மட்டும் புத்தகத்தின் கையில் விடாதீர்கள். கோபத்தில் யார் மேலாவது கை ஓங்கியிருந்தாலோ பொருளை எறிந்திருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, நோட்டை ஒதுக்கிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். விடாத எரிச்சல் மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நோட்டை மருத்துவரிடம் கொண்டுபோனால் அவருக்கும் உதவும்.

மூன்று மாதம் முடிந்ததும் எத்தனை பக்கம் படித்தேன் என்று பார்க்காதீர்கள். உரைகளின் முதல் பகுதியில் எபிக்டெட்டஸ், தனக்கு முந்தைய தத்துவ ஆசிரியர் கிரிசிப்பஸின் நூலை முழுக்கப் படித்துவிட்டேன் என்று பெருமைப்படும் மாணவனை மடக்குகிறார். உடற்பயிற்சி செய்யும் விளையாட்டு வீரனிடம் தோளைக் காட்டு என்று கேட்டால் அவன் தூக்கும் எடைக்கல்லைக் காட்டுவது போலிருக்கிறது என்கிறார். கடைசிப் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். கோபப்படாத நாட்கள் முதல் மாதத்தைவிட மூன்றாம் மாதத்தில் கூடியிருந்தால், அடுத்து பணக் கவலையோ, வேலையைத் தள்ளிப்போடுவதோ, நோட்டில் அதிகம் தலைகாட்டிய இரண்டாவது விஷயத்தை எடுங்கள். மார்க்கஸை அப்போது திறக்கலாம், இரண்டாம் பகுதியிலிருந்து. கூடவில்லை என்றால் புதிய நூலுக்குப் போகாதீர்கள். பொறையுடைமையின் முதல் குறளுக்குத் திரும்பி, இம்முறை வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதே முப்பதை மறுபடி தொடங்குங்கள்.